ஏழாம் கைப்பிடியில் ஒரு ஹீட்டர்

தோட்டத்துக் கிளப்பில் நாடகம் என்றால் ஜலாலுதீனுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே சோறு இறங்காது. குன்னூர் மார்க்கெட்டில் மிக்சி, மோட்டார் ரிப்பேர் செய்யும் கடை அவருடையது. கிளப்பின் மேடை விளக்குகள் இருபத்தாறு வருடமாக அவரோடு ஒட்டிக்கொண்ட வேலை. கண்ணால் நாடகத்தைப் பார்ப்பார். மூக்கோ அரங்கம் முழுக்க மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும். "பாய்க்குத் தீராத சளி" என்று நடிகர்கள் கேலி பேசுவார்கள்.

அது சளியல்ல, பயம். போன வருடம் பிடித்துக்கொண்டது.

மேடையின் பக்கச் சுவரில் பன்னிரண்டு கைப்பிடிகள் கொண்ட பலகை இருக்கிறது. வெள்ளைக்காரன் வைத்தது. அதற்கும் முன்னால் உப்புத் தண்ணீர்ச் சாடிகள்தானாம். தண்ணீருக்குள் உலோகத் தகட்டை இறக்கினால் வெளிச்சம் கூடும், தூக்கினால் குறையும். அந்தச் சாடிகளில் இரண்டு இன்றும் கிளப் வாசலில் பூச்செடியோடு நிற்கின்றன. சாடிகளை விரட்டிவிட்டு வந்த பலகைக்குள் கம்பிச் சுருள்கள். கைப்பிடியை இறக்க இறக்க, சுருள் மின்சாரத்தை விழுங்கும், விளக்கு மங்கும். ஆனால் ஆயிரம் வாட் பல்புக்கென்று சுற்றிய சுருள் சின்ன பல்பை மதிக்காது. அடிவரை இறக்கினாலும் வெளிச்சம் போகாது.

போன வருடம் பெரிய பல்பு எங்கும் கிடைக்கவில்லை. செயலாளர் குமாரசாமி சின்னதை வாங்கி வந்துவிட்டார்.

"ஏனுங்க பாய், பல்புல என்னங்க பெருசு சிறுசு? உங்களால ஆகலைன்னா சொல்லுங்க, கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் போர்டோட ஆள் இருக்குது."

அதற்குப் பிறகு ஆகவில்லை என்று எந்த வாயால் சொல்வது? மேடைக்கு அடியிலிருந்த அறையில் ஒரு ஹீட்டரை வைத்து, ஏழாம் கைப்பிடியின் பல்புகளோடு ரகசியமாகக் கோத்துவிட்டார். பாரம் கூடியதும் சுருள் ஏமாந்தது, விளக்குகள் பணிந்தன. மேடை இருண்டால் ஹீட்டரும் குளிர்ந்து கிடக்கும். மேடை பிரகாசித்தால் அதன் கம்பி செக்கச் செவேலென்று கனலும். அறைக்குப் பூட்டுப் போட்டார். வீட்டில் மனைவி ஷமாவிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாடகம். பாட்டுப் பாட நடுவட்டம் ஊரிலிருந்து டீச்சர் மருதாம்பாள் பன்னிரண்டு பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மழையில் எல்லோரும் தெப்பலாக நனைந்திருந்தார்கள். பிள்ளைகள் நடுங்குவதைப் பார்த்த வாட்ச்மேன் டெனின், ஆபீஸில் இருந்த இன்னொரு சாவியால் அந்த அறையைத் திறந்துவிட்டார். ஜலாலுதீனுக்கு இது தெரியாது. அவர் பலகையருகே நின்றிருந்தார்.

முதல் காட்சி விடியல். ஏழாம் கைப்பிடியை அங்குலம் அங்குலமாக ஏற்றினார். மேடை வெளுத்தது. நவநீதன், தோட்டத்துக் கிழவன் வேஷத்தில், கூடையை இறக்கி வைத்துப் பேச ஆரம்பித்தான். அப்போதுதான் மூக்கில் ஏறியது, கம்பளி கருகும் வாடை.

மெயினைத் தட்டினார். மேடை, அரங்கம் எல்லாம் ஒரே இருட்டு, மைக்கும் செத்தது. விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினார்.

டார்ச் வெளிச்சத்தில் ஹீட்டர் மேல் ஏழெட்டு ஸ்வெட்டர்கள். கரிக் கும்முட்டி அடுப்பு மேல் கூடையைக் கவிழ்த்துத் துணி காயப்போடுகிற ஊர். குளிர்ந்து கிடந்த ஹீட்டரை வேறெதற்கென்று நினைப்பார்கள்? அடியிலிருந்த ஸ்வெட்டர் புகைந்துகொண்டிருந்தது. மிதித்து அணைத்தார். பிள்ளைகள் இருமிக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றார்கள்.

பின்னாலேயே குமாரசாமி வந்தார். "யாருங்க இந்த வேலையப் பார்த்தது?"

"நான்தானுங்க சார்." மருதாம்பாள் முன்னால் வந்தார். "கெட்டுப்போன ஹீட்டர்னு நெனச்சு மேல போட்டேனுங்க. என் தப்புத்தானுங்க."

"டீச்சரா இருந்துட்டு இப்பிடியாம்மா? பச்சப் புள்ளைங்க இருக்கற எடத்துல!"

ஜலாலுதீன் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். அந்த அம்மாள் மாலை பஸ்ஸில் ஊர் போய்விடுவார். ஹீட்டரைக் கழற்றி எறிந்தால் அதோடு முடிந்தது. ஒரு பிள்ளை, கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தம்மாவ ஏசாதீங்க. ஹீட்டர வெச்சது நானுங்க" என்றார். "இது இல்லாம உங்க சின்ன பல்பு மங்காதுங்க."

"எத்தன நாளா?"

"ஒரு வருசமாங்க."

ஜலாலுதீனே ஹீட்டரின் ஒயரைப் பிடுங்கினார். காத்திருந்த கூட்டத்துக்காக நாடகம் தொடர்ந்தது.

கடைசிக் காட்சியில் கிழவன் சாக வேண்டும், பிள்ளைகள் மைக்கில் ஒப்பாரி பாட, மேடை மெல்ல இருள வேண்டும். கைப்பிடியை இறக்கினார். பாதி வெளிச்சம் அப்படியே நின்றது. ஏழாம் கைப்பிடிக்குத் தனி சுவிட்ச் கிடையாது, மெயினைத் தட்டினால் பிள்ளைகளின் பாட்டும் செத்துப்போகும்.

"பாய், அணைங்க" என்று பிணம் முணுமுணுத்தது.

"இதுக்கு மேல எறங்காதுங்க தம்பி."

நவநீதன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, குனிந்தபடி உள்ளே நடந்தான். "டேய், பொணம் டீ குடிக்கப் போகுதுடா!" என்று ஒரு குரல் எழ, அரங்கமே சிரித்தது. பிள்ளைகள் நிறுத்தாமல் பாடினார்கள். முன்வரிசையில் குமாரசாமி போனை எடுத்து, கோயமுத்தூர் நம்பரைத் தட்டிக் காதில் வைத்தார். ஜலாலுதீன், அடியைத் தொட்டுவிட்ட கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.