மாமி எழும்பும் காட்சி

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், உஷாந்தி கோபிக்க மாட்டாள். கொட்டாஞ்சேனையில் அன்று மண்டபம் நிறையச் சனம் இருந்தது. அத்தனை பேரும் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதில் பெரிய கொடுமையே அதுதான்.

உஷாந்திக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை. தாய் ஜெகதீஸ்வரியோடு வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் இருக்கிறாள். போன வருடம் அவளோடு வேலை செய்யும் ராகுலன் ஒரு நாடகம் பழக்கினான். கந்தோர்க்காரர் சிலரும் அவனுடைய கூட்டாளிகளும் சேர்ந்த குழு. கொலை நாடகம்தான், ஆனால் வயிறு நோகச் சிரிக்க வைக்கிற கொலை. திரை விலகும்போதே பணக்கார மாமி செத்துக் கிடப்பாள். குடித்த தேத்தண்ணியில் நஞ்சு. வீட்டுக்காரர் பிணத்தை வெள்ளைச் சீலையால் மூடிவிட்டு, அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் ஓடித் திரிவார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து பெரிதாக ஒரு தும்மல் போடுவார். உடனே மாமி எழும்பி இருந்து, "தேத்தண்ணிக்குச் சீனி காணாது" என்பாள். மாமி சாகவேயில்லை.

முதலில் மாமியாக நடித்தவர் பௌஸி, ராகுலனின் கூட்டாளி. மேடையேற்றத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது திடீரென்று விலகிவிட்டார். சீலைக்குள் வேறு யாரோ மூச்சு விடுகிறார்களாம். அதற்கு மேல் வாயே திறக்கவில்லை.

ராகுலன் கந்தோர் முழுக்கக் கேட்டுப் பார்த்தான். இந்தக் கதை எல்லார் காதுக்கும் போயிருந்தது, ஒருவரும் வரமாட்டோம் என்றார்கள். மேடையே ஏறியிராத உஷாந்தி, "நான் படுக்கிறன்" என்றாள்.

வீட்டில் பெரிய சண்டை.

"கலியாணம் பேசுற நேரத்தில பிணமா நடிக்கப் போறியோ? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும் அம்மா. சனம் என்ன கதைக்கும் எண்டு பார்த்துப் பார்த்தே இருபத்தொன்பது வயசாச்சு."

"நான் வந்து பார்க்கமாட்டன்."

"வராதேங்கோ. நான் படுக்கத்தான் போறன்."

ஒத்திகை சனிக்கிழமை பின்னேரங்களில் அதே மண்டபத்தில் நடந்தது. வெளியே நல்ல வெயில், ஓயாத பஸ் ஹோர்ன் சத்தம். மேடையில் ஒடுக்கமான ஒரு மர வாங்கு. ஒரு ஆள் நிமிர்ந்து படுக்கலாம். புரண்டால் விழ வேண்டியதுதான்.

முதல் நாள் சீலையைப் போர்த்தினார்கள். பிணம் அசையக்கூடாதே என்று உஷாந்தி மூச்சை அடக்கிக்கொண்டாள். அவளுடைய மூச்சு நின்றது.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

இடது காதோடு... உள்ளே... வெளியே... உள்ளே...

சீலையை உதறி எழும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"என்ன உஷாந்தி?" என்று ராகுலன் கேட்டான்.

"நுளம்பு கடிச்சிட்டுது," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் படுத்தாள். இப்போது ஓடினால், வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்க்க ஏலாது. அதற்கு இந்த மூச்சே பரவாயில்லை.

அடுத்த கிழமை அவளுடைய உள்ளங்கைக்குள் ஒரு விரல் வந்தது. குளிர்ந்த, ஈரமான விரல். பல்லைக் கடித்துக்கொண்டு நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். விரல் போய்விட்டது.

மேடையேற்றம் ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு. சீலைக்குள் படுத்தபடி சனம் சிரிப்பதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் நல்லபடி போனது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. கடைசிக் காட்சி வந்தது.

அப்போது அவள் நெஞ்சில் ஒரு கை வந்து அமர்ந்தது.

"எழும்பாதே..."

காதுக்குள்தான் கேட்டது. ஆணா, பெண்ணா... தெரியவில்லை.

இன்ஸ்பெக்டராக நடித்த ராகுலன் தும்மினான். அவளால் எழும்ப முடியவில்லை.

இன்னொரு தும்மல். கை அழுத்தியது. மூச்சு முட்டியது.

மூன்றாவது தும்மல். மண்டபத்தில் சத்தமே இல்லை.

"எழும்பாதே..."

அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தையும் மீறிய கோபம்.

"விடு என்னை! இது என்ர சீன்!" என்று கத்தினாள்.

சனம் வெடித்துச் சிரித்தது. உஷாந்தி முழுப் பலத்தையும் கூட்டி உந்தி எழும்பி இருந்தாள். சீலையைத் தூக்கி எறிந்தாள்.

"தேத்தண்ணிக்குச் சீனி காணாது!"

கைதட்டல். அதன் பிறகு இன்னொரு சிரிப்பு எழும்பியது, முந்தியதைவிடப் பெரிதாக. ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. ராகுலனைப் பார்த்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

திரை மூடியது.

மேடைக்குப் பின்னால் ஜெகதீஸ்வரி வந்து நின்றாள். வரமாட்டேன் என்றவளின் கண் கலங்கியிருந்தது.

"நல்லா நடிச்சனி பிள்ளை. மற்றப் பிள்ளை எங்க?"

"எந்தப் பிள்ளை?"

"உனக்குப் பின்னால எழும்பின பிள்ளை. உன்ர தோளில நாடியை வைச்சுக்கொண்டு, நீ சொன்னதையே வாயசைச்சுச் சொன்னது. சனம் அதுக்குத்தானே அப்பிடிச் சிரிச்சது."

ராகுலன் மூலையில் குந்திவிட்டான்.

"அந்த வாங்கில ரெண்டு பேருக்கு இடமில்லை, உஷாந்தி. வாற ஞாயிறு ரெண்டாவது ஷோவை நிப்பாட்டுவம்."

"ஏன் நிப்பாட்டோணும்? நான்தானே படுக்கிறன்."

ஜெகதீஸ்வரி மகளைப் பார்த்தாள், பிறகு வெறும் வாங்கைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. ஆனாலும், "அவள் படுப்பாள்," என்றாள். "நான் முன் வரிசையில இருப்பன்."

அடுத்த ஞாயிறு உஷாந்தி முகத்துக்கு மாப் பூசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மிஸ், நான் பௌஸி. ராகுலன்ட்ட கேட்டு உங்கட நம்பர எடுத்த. இண்டைக்குப் படுக்க வாணாம்."

"எல்லாம் எனக்குத் தெரியும். மூச்சும் தெரியும், கையும் தெரியும்."

"அதில்ல மிஸ். அது என்னோட பேசின. நான் ஒருத்தருக்கும் செல்லல்ல. ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியத்தான் கேட்ட."

"என்ன கேள்வி?"

"'உஷாந்தி எப்ப வருவா?' என்டு."

அவள் கை அப்படியே நின்றது.

"அந்த நேரம் நீங்க நாடகத்துலயே இல்ல மிஸ். உஷாந்தி என்டு ஒராள் இரிக்கிறதே எனக்குத் தெரியா..."

முதல் மணி அடித்தது. உஷாந்தி போனை நிறுத்தினாள். மிச்ச மாவையும் பூசி முடித்தாள். பிறகு மேடைக்குப் போய், வாங்கில் நிமிர்ந்து படுத்து, சீலையைத் தானே முகத்துக்கு மேல் இழுத்து மூடினாள்.

"வந்திட்டன்," என்றாள். "இப்ப என்ன?"