சாடக் கற்ற ஞானமுத்து

ஞானமுத்து அண்ணன் போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, அழுகைக்கு முன்னால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவரோடு வாலிபால் ஆடியவர்கள் என்னை மன்னிப்பீர்கள். உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

நாங்கள் திருவிதாங்கூர் கொச்சியோடு இருந்த காலம். குழித்துறைச் சந்தையில் அவர் சுமடு தூக்கினார். இரண்டு அரிசி மூட்டையைச் சேர்த்துத் தூக்குவதைப் பார்த்து, இவர் கை பட்டால் பந்து இடிபோல இறங்கும் என்று நம்பி நான்தான் அணிக்கு அழைத்துவந்தேன். முதல் நாள் அவர் அடித்த பந்து எதிரணியையும் தென்னைகளையும் தாண்டி ஆற்றில் விழுந்தது. "இதுக்குக் கனமே இல்லியே மக்கா" என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டார்.

தோள் வலுவில் குறையில்லை. வலைக்கு மேலே எழும்புவதில்தான் சிக்கல். சந்தைக் கிட்டங்கிச் சுவரில் கரிக்கோடு போட்டு எல்லோரையும் சாடவைத்தோம். எங்கள் ஊரில் குதிப்பதைச் சாடுவது என்போம். ஊசிக்குச் சட்டை போட்டதுபோல் இருக்கும் தையல்காரர் சுகுமாரன் ஒரு முழம் எழும்பினார். அண்ணன் எழும்பியது நாலு விரற்கடை. சந்தையே சிரித்தது. கால் தரையில் ஒட்டிக்கொண்டதா என்று மீன்காரி ஒருத்தி அக்கறையாக விசாரித்தாள்.

வேறொருவர் என்றால் மறுநாள் அந்தப் பக்கம் வந்திருக்கமாட்டார். அண்ணன் தினமும் சாயங்காலம் அதே சுவரடியில் வந்து நின்றார். முதலில் மூட்டையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தார். தொடை தடித்தது, கோடு கொஞ்சம்தான் உயர்ந்தது. ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பெலன் உண்டு மக்கா. ஆனா மூட்டை காத்து நிக்கும், பந்து நிக்காது. பெலன் வெடுக்குன்னு வரணும்."

பிறகு படித்துறையில் இரண்டிரண்டு படியாகச் சாடி ஏறினார். கோடு ஒரு சாணைத் தாண்டியது.

திருவட்டாற்று அணியோடு நடந்த ஆட்டத்தில் கடைசிப் புள்ளிக்கு நின்றோம். சுகுமாரன் பந்தை உயர்த்திக் கொடுத்தார். அண்ணன் எழும்பினார், நாங்கள் ஒருநாளும் பார்த்திராத உயரத்துக்கு. ஆனால் பந்துக்கு முன்பே எழும்பிவிட்டார். கை வீசிய இடத்தில் பந்து இல்லை. இறங்கிவந்த பந்து அவர் நெற்றியில் மோதி எதிர்ப்பக்கம் விழுந்தது. அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நடுவராக நின்ற வாத்தியார் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, இடுப்புக்கு மேலே எங்கே பட்டாலும் செல்லும் என்றார்.

வென்ற மகிழ்ச்சியில் அவரைத் தோளில் தூக்கப் பார்த்தோம். ஆறு பேரால் முடியவில்லை. கடைசியில் அவர்தான் எங்களில் இருவரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அடக்கத்தில் போதகர் அவருடைய உடல் வலுவைப் பற்றித்தான் பேசினார். நான் எனக்கென்று வைத்துக்கொண்டது வேறு. ஊர் சிரிக்கும்போது, தனக்கு வராத ஒன்றை வரும்வரை செய்துகொண்டிருந்தாரே, அந்தத் துணிச்சல். அதை நம்பித்தான், மனைவியும் பேரப்பிள்ளைகளும் சிரிக்கச் சிரிக்க, அறுபது வயதில் சைக்கிள் பழகினேன். அண்ணனின் அடக்கத்துக்கு அதில்தான் போய்வந்தேன்.