அப்டேட் போட்ட மறுநாள் பின்னால் உருண்ட வண்டி

எங்கள் ஹைபிரிட் பிக்கப்புக்கு சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள். மறுநாள் நெல் மூட்டைகளோடு சாலவாக்கம் ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது, எதிரே பஸ் வரவே என் கணவர் நியூட்ரலில் நிறுத்தினார். பிறகு டிரைவுக்கு மாற்றி பிரேக்கை விட்டார். கியர் விழவில்லை; வண்டி பின்னால் உருண்டது.

"ஐயோ, பின்னாடி போய்க்கினு கீது, பிரேக்கப் புடிங்க!" என்று அலறினேன்.

பின்னால் டூவீலரில் வந்த பெண் குதித்துத் தப்பினாள். அவள் வண்டி நசுங்கியது.

"புது வெர்ஷன்ல கியர் லேட்டாத்தான் மாறும்மா, பழசுக்குப் போவ முடியாது" என்றார், வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியபோது சர்வீஸ்காரர்.

இப்போது மேட்டில் நின்றால், நான் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே என் கணவர் கியரை மாற்றுகிறார். அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்கிறார்கள். அதில் இன்னும் என்ன கெடுமோ என்றுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது.