அக்கா நிரப்பிய படிவம்

நான் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து மெழுகில் பல் அடுக்கி, பல்செட்டாக்கித் திருப்பி அனுப்புவது எங்கள் லேபின் வேலை. இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஒரு பல்லை உட்காரவைக்க ஆரம்பித்துவிட்டால் எனக்குப் பசி தெரியாது, பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அந்தப் பல் யாருடையது என்பதும் சில நேரம் தெரியாது. சிக்கல் அங்கேதான்.

சென்ற வருடம் இரண்டு பேருடைய பல்செட்டைப் பெட்டி மாற்றி அனுப்பிவிட்டேன். ஒன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. மற்றது ஆறடி உயர லாரி டிரைவருடையது. டிரைவருடைய செட் வாய்க்குள் போனதும் தலைமையாசிரியரால் வாயை மூட முடியவில்லை. வாழ்நாளில் சிரித்தே அறியாத மனிதர், அன்று பல்லைக் காட்டிக்கொண்டே டாக்டரைத் திட்டியிருக்கிறார். லேபில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வருடத்தில் அது என்னுடைய நாலாவது தவறு.

"உன் கை மாதிரி ஒரு கை எனக்குக் கிடைக்காது. ஆனா அந்தத் தலைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். "எங்க அண்ணன் மகளும் உன்னை மாதிரிதான். ஏ.டி.எச்.டி.ன்னு சொல்லி மருந்து குடுத்தாங்க, இப்ப நல்லாயிருக்கா. மூணு மாசம் தரேன், போய்ப் பாரு. இல்லன்னா வேற இடம் பாத்துக்கோ."

அதுவரை எனக்கு இருப்பது திமிர், சோம்பல், பொறுப்பின்மை என்றுதான் நினைத்திருந்தேன். ஊரே அப்படித்தான் சொன்னது. கவனம் நிலைக்காததற்கு ஒரு மருத்துவப் பெயர் இருக்கிறது, அதற்கென்று ஒரு டாக்டரும் இருக்கிறார் என்பது நாற்பத்திரண்டு வயதில் தெரிந்தது. உடனே நேரம் வாங்கினேன். வாங்கிய நேரத்தை மறந்தேன். இரண்டாவது முறை சரியான தேதியில், சரியான நேரத்தில், ஒரு மாதம் முன்னதாகப் போய் நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க" என்று சொல்லி, பாவம் பார்த்து அந்த வாரத்திலேயே ஓர் இடம் கொடுத்தாள்.

டாக்டரம்மா நிதானமானவர். இரண்டு படிவம் கொடுத்தார். ஒன்று நான் நிரப்ப. இன்னொன்று என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்த ஒருவர் நிரப்ப. இது நடுவில் வந்த கோளாறா, பிள்ளைப் பருவத்திலேயே இருந்ததா என்று தெரிய வேண்டுமாம். இரண்டாவது படிவத்தை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு முறை தொலைத்து, மூன்றாவது பிரதியைக் கொடுத்தேன் என்று திருத்திச் சொல்வதே நியாயம்.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். என்னை எழுப்பி, குளிக்கவைத்து, பையைத் தேடிப் பள்ளியில் கொண்டுபோய்த் தள்ளியவள் அவள். எனக்குக் கல்யாணம் ஒன்று நடந்தது, எல்லாவற்றையும் போல அதையும் பாதியில் விட்டேன். அப்போதும் சாமான்களை மூட்டை கட்டி, பக்கத்துத் தெருவில் வீடு பிடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

அடுத்த முறை டாக்டரம்மா இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்க ஃபாரத்தைப் பாத்தா வீடே பத்தி எரியுது. உங்க அக்கா ஃபாரத்தைப் பாத்தா தெருவிலேயே ஒழுங்கான ஆள் நீங்கதான்."

எட்டிப் பார்த்தேன். பொருள்களைத் தொலைப்பாரா? ஒருபோதும் இல்லை. வேலையைப் பாதியில் விடுவாரா? ஒருபோதும் இல்லை. வரிசையாக நாற்பது கேள்விக்கும் அதே பதில், அதே அழகான கையெழுத்து.

"இதை வச்சு நான் மருந்து எழுத முடியாதும்மா" என்றார்.

முதலாளியம்மா கொடுத்த கெடுவில் ஆறு வாரம்தான் மிச்சம். நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா இப்படி எழுதின?"

"எப்படி எழுதினேன்? உன்னைப் பத்தி நல்லதாத்தானே எழுதினேன்."

"அத்தனையும் பொய்யா எழுதியிருக்க."

"அந்தப் பேப்பர் நாளைக்கு யார் கையில போகுமோ. டீச்சர் கேட்டப்பவும் இதைத்தான் சொன்னேன். உன் மாமியார் கேட்டப்பவும் இதைத்தான் சொன்னேன். யாரோ டாக்டர் கேட்டா மட்டும் உன்னை விட்டுக்குடுத்துடுவேனா?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இந்த ஒரு தடவை என்னைக் காட்டிக்குடுத்துடுக்கா. இல்லன்னா வேலை போயிடும்" என்றேன். அவள் மடித்த துணியையே திரும்ப மடித்தாள்.

மறுவாரம் என்னோடு வந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் மறதி டாக்டர், அவ்வளவுதான்" என்று ஆரம்பித்தாள். டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். பிறகு வந்தது பாருங்கள். ஒரு காலில் ஒரு ஜோடி, மறுகாலில் வேறு ஜோடி என்று செருப்பு மாட்டிப் பள்ளிக்குப் போனது. பேனா இல்லாமல் பரீட்சைக்குப் போனது. மூன்று முறை அடுப்பை அணைக்காமல் வெளியே போனது. குழாயைத் திறந்துவிட்டுச் சினிமாவுக்குப் போய்க் கீழ்வீட்டுக்காரர் மெத்தையை நனைத்தது. எனக்கே மறந்துபோனதையெல்லாம் தேதியோடு சொன்னாள். சிரித்துக்கொண்டே கேட்டேன், என் மானம் கப்பலேறுவதை நானே வழியனுப்பி வைத்தேன்.

கடைசியில், "எனக்கு வெளியூர்ல ஒரு நல்ல வேலை வந்துச்சு டாக்டர்" என்றாள். "போகல. இவ வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிடுவாளோன்னு பயமா இருந்துச்சு."

அப்படியொரு வேலை வந்ததே எனக்குத் தெரியாது. சிரிப்பு நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது.

மருந்து கிடைத்தது. சின்ன அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். மாத்திரை போட்டால் மறுநாளே மகாராணி ஆகிவிடுவேன் என்று நினைத்தேன். வாய் உலர்ந்தது, அவ்வளவுதான். மூன்றாவது வாரம், மண்டைக்குள் ஒரே நேரத்தில் பாடும் பத்து ரேடியோவில் எட்டு அணைந்தது. வாரம் ஒரு நாள் என்னைப் போன்றவர்களின் கூட்டம் உண்டு. ஆறு மணிக் கூட்டம் ஆறரைக்குத்தான் தொடங்கும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தட்டில் ஒருவர் வாய்க்கான பல் மட்டும், அது முடியாமல் அடுத்த தட்டைத் தொடாதே என்று எனக்கு வழி சொன்னது அங்கே வந்த தபால்காரர் ஒருவர். லேபில் அதையே செய்தேன். கெடு முடிந்த நாளில் முதலாளியம்மா என் மேசையில் ஆறு அச்சு வைத்துவிட்டுப் போனார். வேலை தப்பியது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா சாப்பிட வந்தாள். எதிரில் உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். வேறு எதையும் யோசிக்காமல், எழுந்து போகாமல், சும்மா பார்த்தேன். இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். வலது பக்கம் ஒரு வாய் கூடப் போகவில்லை.

"என்னக்கா, ஒரு பக்கமாவே மெல்லுற?"

"கீழ ரெண்டு கடைவாய்ப் பல் இல்லையே."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம் இருக்கும்."

ஊரில் யார் யார் வாய்க்கோ பல் செய்கிறவள் நான். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று குரலை உயர்த்தினேன்.

அவள் சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"மூணு தடவை சொன்னேன். நீ மூணு தடவையும் 'ம்'னு சொன்ன."