வாய்க்கு ஒருசந்தி

முல்லைத்தீவுக் கரையில் லோறன்ஸின் படகு வருகிறதா என்று யாரும் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. காது போதும். எஞ்சின் சத்தத்துக்கு முன்னால் அவருடைய தூஷணம் கரைக்கு வந்து சேர்ந்துவிடும். வலை சிக்கினால் தூஷணம், வலை நிறைந்தால் அதைவிடப் பெரிய தூஷணம். கெட்ட மனிதர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறியதில்லை. தவக்காலத்தில் கோயிலில் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பசாம் படிக்க அவருடைய குரல்தான் வேண்டும் என்று சனம் காத்திருக்கும். அந்த வாயும் இந்த வாயும் ஒன்றுதான் என்பதுதான் வில்லங்கம். "ஆண்டவருக்கும் பேய்க்கும் ஒரே வாயைக் குத்தகைக்கு விட்டிருக்கிறியள்" என்று மனைவி யூலிற்றா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

வருடம் பிறந்த கையோடு அந்தச் சம்பவம் நடந்தது. லோறன்ஸின் மகளைக் கட்டிய ஜெனோசன்தான் அவருடன் கடலுக்குப் போகிறவன். கரையேறும் நேரத்தில் அவன் கைதவறி வலையை நழுவ விட்டான். வலை எஞ்சின் விசிறியில் சுற்றிக் கந்தலாகிப் போனது. கரை முழுக்க ஆட்கள் நிற்க, லோறன்ஸ் அவனுடைய தாயை இழுத்து ஒரு தூஷணம் சொன்னார். வழக்கமாகச் சொல்லும் அதே தூஷணம்தான்.

ஜெனோசன் தலையைக் குனிந்துகொண்டே வலையைப் பிரித்தான். சனம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, என்னை என்னவும் சொல்லுங்கோ. அம்மாவை மட்டும் இழுக்காதேங்கோ."

அதற்குமேல் அவன் சொல்லத் தேவையில்லை. போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் செல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, சிறுபிள்ளையாய் இருந்த அவனைத் தன் உடம்புக்குக் கீழே போட்டு மூடிக்கொண்டு செத்தவள் அவள். தாயின் கீழிருந்து பிள்ளையை உயிரோடு இழுத்தெடுத்த கதை அந்தக் கரைக்கே தெரியும். லோறன்ஸுக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் அந்த வார்த்தை வந்ததே என்பதுதான் அவரைத் தின்றது.

தவக்காலம் நெருங்கியது. ஒவ்வொரு வருடமும் அவர் இறைச்சியை விடுவார். வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பார். இம்முறை அது அவருக்கே சிரிப்பாக இருந்தது.

"மீன்பிடிகாரன் இறைச்சியை விடுறது ஒரு தவமே?" என்றார் யூலிற்றாவிடம். "இந்தமுறை வாய்க்குத்தான் ஒருசந்தி. தூஷணமே வரப்படாது. அதுவும் தாயை இழுக்கிற அந்தச் சொல்லு செத்தாலும் வரப்படாது."

"விபூதிப் புதனிலையிருந்தோ?"

"புதன்கிழமை காலமை எழும்பினவுடனை நாக்குத் திரும்புமே? இப்பவே பழக்கோணும்."

பழக்குவது லேசாக இருக்கவில்லை. தூஷணம் தொண்டை வரை வரும்போதெல்லாம் அதன் இடத்தில் "சேசு மரி சூசை" என்று சொல்வது என்று வைத்துக்கொண்டார். கேட்க நல்ல வழிதான். ஆனால் மனிதரின் தூஷணத்துக்கு ஓய்வே கிடையாது அல்லவா? ஆகவே செபத்துக்கும் ஓய்வில்லாமல் போனது. கயிறு முடிச்சு விழுந்தால் சேசு மரி சூசை. நண்டு கடித்தால் பல்லை நெரித்துக்கொண்டு சேசு மரி சூசை. கரையில் பொடியங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெனோசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பகிடி பண்ணினாலும் பரவாயில்லை, அவன் சிரிக்கிறானே என்று லோறன்ஸ் பொறுத்துக்கொண்டார். மருமகனிடம் கதைக்கும்போது "வாங்கோ, பிடியுங்கோ" என்று மரியாதையும் சேர்ந்துவிட்டது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முதல் நாள் காலை. தை கழிந்தும் வாடைக் கடல் அடங்கவில்லை. வலையை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, அலை உடைகிற இடத்துக்குக் கொஞ்சம் வெளியே எஞ்சின் இருமிவிட்டு நின்றது. லோறன்ஸ் கயிற்றை இழுத்தார். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். அசைவில்லை. ஒவ்வொரு அலையும் படகைத் தூக்கிக் கரைப்பக்கம் தள்ளியது. உடைகிற அலைக்குள் குறுக்காகப் போய் விழுந்தால் படகு புரளும். புரண்ட படகுக்குக் கீழே அகப்பட்டவர்களை அந்தக் கரை மறக்கவில்லை.

"நங்கூரத்தைப் போடுங்கோ தம்பி!"

படகின் முன்புறம் நின்ற ஜெனோசன் நங்கூரத்தை எறிந்தான். அவன் காலடியில் சுருளாகக் கிடந்த கயிறு, படகு பின்னால் போகப் போகச் சரசரவென்று ஓடியது. லோறன்ஸ் எஞ்சினிலிருந்து தலையை நிமிர்த்தியபோதுதான் அதைக் கண்டார். கயிற்றின் ஒரு வளையம் ஜெனோசனின் கணுக்காலைச் சுற்றிக் கிடந்தது. சுருள் முடிந்து கயிறு இறுகினால் ஆளைக் காலோடு இழுத்துக் கடலுக்குள் போட்டுவிடும். அவனோ கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நடுவில் ஈர வலை குவிந்து கிடக்கிறது. ஓடிப்போய்ப் பிடிக்க வழியில்லை.

"தம்பி, காலை எடுங்கோ!"

அவன் திரும்பினான். "என்ன மாமா?"

"சேசு மரி சூசை! காலை எடுங்கோ!"

ஜெனோசன் சிரித்தான். இத்தனை நாளும் நண்டுக்கும் முடிச்சுக்கும் சொன்ன அதே சேசு மரி சூசைதானே? பயப்படுகிற சொல்லாக அது இப்போது அவன் காதில் விழவில்லை. உண்மையான ஆபத்து என்றால் மாமா எப்படிக் கத்துவார் என்று அவனுக்குத் தெரியும். இது அப்படிக் கேட்கவில்லை.

சுருள் கரைந்துகொண்டிருந்தது.

லோறன்ஸின் வாய் திறந்தது. பழகிய வாய், அது அவரைக் கேட்டுத் திறக்கவில்லை. அந்தக் குரலும் பழைய குரல்.

"டேய்! உன்ர அம்மா—"

அடுத்த சொல் நாக்கு நுனியில் நின்றது. அந்த ஒரு கணம் அவருக்குச் சாகிற மாதிரி இருந்தது. நாக்கைப் பிடித்துத் திருப்பினார்.

"—காப்பாத்தின காலடா! எடடா!"

முதல் பாதியைக் கேட்ட மாத்திரத்தில் ஜெனோசனின் உடம்பு தானாகவே துள்ளியிருந்தது. வளையம் குதிக்காலை உரித்துக்கொண்டு வழுகிப் போனது. அடுத்த மூச்சில் கயிறு விண்ணென்று இறுகி, படகின் மூக்கு வெடுக்கென்று கடல்பக்கம் திரும்பியது. அவன் வலையின் மேல் விழுந்து கிடந்தான். காலில் இரத்தம். லோறன்ஸ் எஞ்சின் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அது பிடித்தது.

கரையேறிய பிறகு, யூலிற்றா மருமகனின் காலுக்கு மருந்து கட்டும்போது வெளியே போய் நின்றுகொண்டார். பாதிச் சொல்லு என்றாலும் சொல்லுத்தானே? தவக்காலம் தொடங்க முன்னமே ஒருசந்தி முறிந்துவிட்டது, அதுவும் எதைச் சொல்லமாட்டேன் என்றாரோ அதிலேயே முறிந்துவிட்டது என்று அவருக்குப் பட்டது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மறுநாள் கோயிலில் சாம்பல் பூசிக்கொள்ளச் சனம் வரிசையாக நின்றது. லோறன்ஸுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு ஜெனோசன் வந்து சேர்ந்தான். லோறன்ஸ் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, நேற்று வாய் தவறிப்போச்சு. நீர் வேண்டாமெண்டு சொல்லியும் அம்மாவை இழுத்திட்டன்."

வரிசை ஓர் அடி நகர்ந்தது.

"ஓம் மாமா, இழுத்தனீங்கள்தான்" என்றான் ஜெனோசன். "காலை எடுக்க அம்மா வந்தவா."