விழுங்கிய சூயிங்கமும் பழைய தழும்பும்

வயிற்றில் குத்து விழுந்தபோது நான் துறைமுகத்தில் கோதுமைக் கப்பலின் மேல்தட்டில் வேலையாக நின்றேன். தொப்புளுக்குப் பக்கத்தில் யாரோ கம்பியை விட்டு முறுக்கியதுபோல் இருந்தது. அப்படியே குந்திவிட்டேன்.

கோதுமைத் தூசி தீப்பிடிக்கும். அதனால் அங்கே சிகரெட்டுக்குத் தடை; பதிலுக்குச் சூயிங்கம் மெல்லுவேன். துப்பினால் தானியத்தில் விழும் என்று விழுங்கிவிடுவேன். வருடக்கணக்கான பழக்கம் அது.

லிங்கநகர் வீட்டுக்கு வந்ததும் வாந்தி தொடங்கியது. முதலில் சோறு, பிறகு பச்சைத் தண்ணீர். வயிறு காற்றடித்த சைக்கிள் ரியூப்போல இறுகியது. என் மனைவி சுமதிக்குச் சந்தேகமே இல்லை.

"எத்தினை தரம் சொன்னனான், விழுங்காதேங்கோ எண்டு. குடலில ஒட்டிப்போச்சு."

நானும் நம்பினேன். ஒட்டியதை இளக்க அவள் தந்த விளக்கெண்ணெயைக் குடித்தேன். பிறகு வந்த வலிக்கு முன்னால் முதல் வலி ஒன்றுமே இல்லை. சுவரில் தலையை மோதினேன். அவள் நீட்டிய கோப்பையைத் தட்டிவிட்டேன். அது உடைந்து சிதறியது. வாசிக்கிறவர்களே, வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாவிட்டால் பேதிக்கு எதையும் குடிக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுமதி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்; அங்கே மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டார்கள். பிடுங்கி எறிந்தேன். இரண்டு பேர் என் கைகளை அமத்திப் பிடித்து மறுபடியும் விட்டார்கள். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு வந்த டொக்டர், கிண்ணியாக்காரர், என் வயிற்றின் நீண்ட தழும்பைத் தொட்டார்.

"இது என்ன?"

"சின்ன வயசில, சண்டை நேரம், ஷெல் துண்டு எடுத்தது."

"அப்ப இதுதான் காரணம். ஒட்டுநார்."

ஒட்டுநார் (அறுவைக் காயம் ஆறும்போது குடலைச் சுற்றி உள்ளே வளரும் தழும்பு) என் குடலை நெரித்துக்கொண்டிருந்தது.

"சூயிங்கம் இல்லையா, டொக்டர்?" என்று சுமதி கேட்டாள்.

"இல்லை. அது வயித்தில செமிக்காது, ஆனா ஒட்டவும் மாட்டாது. மலத்தோட போயிடும். ஒரேயடியாக் கனக்க விழுங்கினா எப்பவாவது அடைக்கும், அதுவும் சின்னப் பிள்ளையளுக்கு. எண்ணெய் குடுத்ததுதான் பிழை. இனிச் சுணங்க ஏலாது."

சுமதி ஒப்பரேசன் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

கறுத்துப்போன ஒரு துண்டுக் குடலை வெட்டி எடுத்தார்கள். விழித்து முதல்முறை இருமியபோது தையல் முழுவதும் தீயாக எரிந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த ஷெல்லை அடித்தவன் அதை எப்போதோ மறந்திருப்பான். அவன் அடித்த அடி மட்டும் இத்தனை வருடமாக என் வயிற்றுக்குள் முடியாமல் இருந்திருக்கிறது. ஆள் கையில் கிடைத்தால் கழுத்தை நெரித்திருப்பேன்.

குடல் அசையவில்லை. காற்றுப் பிரியும்வரை சாப்பாடு இல்லை. டொக்டர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது.

"சூயிங்கம் மெல்லுங்கோ. சாப்பாடு வருகுதெண்டு நினைச்சுக் குடல் அசையத் தொடங்கும். சிலருக்கு உதவும்."

சுமதி வாங்கி வந்தாள். பிரிக்காமலே என்னிடம் நீட்டினாள். "நீங்களே பிரியுங்கோ. நான்தான் உங்களைக் கொல்லப் பாத்தனான்."

"விசர்க்கதை கதையாதை. நானும் நம்பித்தானே குடிச்சனான்."

மென்றேன். மறுநாள் வயிறு இரைந்தது, காற்றுப் பிரிந்தது. அந்த நாற்றத்துக்கு அவள் ஆனந்தக் கண்ணீர் விட்டாள்.

இப்போது வீட்டில் நான் மணிக்கூட்டைப் பார்ப்பது குறைவு. வயிற்றின் இரைச்சலைத்தான் கேட்கிறேன். அது ஓய்ந்தால் மறுபடியும் சின்னப் பையனாகி, விழப்போகும் ஷெல்லுக்காகக் காத்திருக்கிறேன். சுமதி குசினியிலிருந்து வந்து தழும்பின்மேல் காதை வைக்கிறாள். "கேக்குது" என்று அவள் சொன்ன பிறகுதான் மூச்சு விடுகிறேன்.