பள்ளி மணிக்கூட்டின் ஐந்து பின்கள்

நாளைக்கு ரமழானின் தலைநோன்பு என்று உறுதியாகிவிட்ட நாள். அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்த என் கையைப் பிடித்தார் பாங்கு சொல்லும் எங்கள் பள்ளிவாசல் மோதினார்.

"உங்கட மச்சானக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. அவர்ர மணிக்கூடு பிழை காட்டுது."

மச்சான் பைரூஸ், என் மனைவியின் தம்பி. இங்கே கிழக்குக் கரையில், கல்முனையில் ரேடியோ, டீவி திருத்துபவர். இப்போது தொழுகை நேரம் காட்டும் டிஜிட்டல் மணிக்கூடும் செய்கிறார். அன்று பகல்தான் எங்கள் பள்ளியில் ஒன்றை மாட்டினார். சுவரிலுள்ள அட்டவணையைவிட ஒவ்வொரு தொழுகைக்கும் ஏழெட்டு நிமிடம் பிந்திக் காட்டியது அது.

ஏழெட்டு நிமிடம்தானே என்கிறீர்களா? அதை நம்பி மோதினார் பாங்கு சொன்னால், சுபஹ் வந்து நோன்பு தொடங்கிய பிறகும் ஊர் ஸஹர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அத்தனை பேருடைய தலைநோன்பும் போய்விடும்!

பைரூஸ் வந்தார். மூடியைக் கழற்றும் முன்பே தீர்ப்பு:

"மணிக்கூட்டில பிழை இரிக்காது. அட்டவணையத்தான் பாக்கணும்."

பிறகு ஏதோ தோன்றி, போனில் கொழும்புத் தொழுகை நேரத்தைப் பார்த்தார். மணிக்கூட்டோடு அப்படியே பொருந்தியது.

"அடடா… கொழும்புப் பள்ளிக்கு எழுதின சிப்ப இதில ஒட்டிட்டன். எல்லாம் ஒரே மாதிரித்தானே இரிக்கி!"

பயமில்லையாம். ஃப்ளாஷ் மெமரி உள்ள சிப். அழித்துத் திரும்ப எழுதலாம். அதற்காகவே ஐந்து பின்களை வெளியே நீட்டி வைத்திருக்கிறார். கரண்டுக்கு ஒன்று, ஏர்த்துக்கு ஒன்று, சிப்பை நிறுத்திவைக்க ரீசெட், தாளம் தப்பாமல் இருக்க க்ளொக், சொல்ல வேண்டியதைச் சொல்ல டேட்டா. லெப்டொப்பிலிருந்து வயர்களைக் கொழுவினார்.

சிப்பைக் காணவில்லை என்றது லெப்டொப். கண்முன்னே இருக்கிறதே!

திரும்பக் கொழுவினார். தொழுகை தொடங்கும் இகாமத் நேரத்தைச் சொல்ல வைத்த பஸர்தான் 'கீச்' என்றது. சிப் அசையவில்லை.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. பின் பத்தவில்லையென்று டேட்டா பின்னிலேயே பஸரையும் கொழுவியிருக்கிறார் மனிதர். வழக்கமாகச் சிப்பைத் தனியாக எழுதித்தான் பலகையில் ஒட்டுவாராம். பலகையில் வைத்து எழுதிப் பார்த்ததே இல்லை. நாங்கள் அனுப்புவதையெல்லாம் வழியிலேயே பஸர் விழுங்கிக்கொண்டிருந்தது.

திருத்தம் கேட்க வேண்டிய இடத்தில் சத்தம் போடும் சாமானைப் பூட்டி வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? பிழையைச் சொல்லப் போனால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பெயர் சொல்ல மாட்டேன்… குடும்பத்துக்குள் பிரச்சினை வரும்.

பஸரை வெட்டி எடுத்தார். மக்ரிபுக்கு முன்பே எழுதி முடிந்தது. நேரங்கள் அட்டவணையோடு ஒத்துப்போயின. மோதினார் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்கும் போன உயிர் வந்தது.

பைரூஸ் மூடியைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது மோதினார் சாவகாசமாகக் கேட்டார்:

"ஏன் தம்பி, கொழும்புச் சிப் இஞ்ச வந்திச்செண்டா… நம்மட சிப் எங்க?"

பைரூஸ் திருப்புளியைக் கீழே வைத்தார். அது ஒட்டிய மணிக்கூடு கொழும்புப் பள்ளிக்குப் போய்விட்டது. அங்கே, மேற்குக் கரையில், பொழுது பிந்தித்தான் படும்; மணிக்கூடோ ஏழெட்டு நிமிடம் முந்திக் காட்டும். பொழுது படுவதற்கு முன்பே ஒரு மஹல்லா முழுக்க நோன்பு திறந்துவிடும்!

போனை எடுத்தார். கொழும்புப் பள்ளி இமாம்தான் மறுமுனையில்.

"ஹஸரத், நாளைக்கு மணிக்கூட்டப் பாத்து நோன்பு திறந்திராதீங்க. கடக்கரைக்கு ஒராள அனுப்பி, சூரியன் உளுந்துட்டா எண்டு பாருங்க!"

டிஜிட்டல் மணிக்கூட்டுக்கு விற்பனைக்குப் பிந்திய சேவை என்றால் இதுதான்.